நாளைக்காரி அவசரப்பட்ட ஒயின்

அந்தக் கடைக்குச் சரக்கு கொண்டுவருகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் நாளைக்காரி. வாசலில் இரண்டு படி, தெருவைப் பார்த்து ஒரு கண்ணாடி ஜன்னல், உள்ளே சுவரோடு சுவராகப் படுக்க வைத்த சிவப்பு ஒயின் பாட்டில்கள். கடை அவள் கணவருடையது. ஆனால் அங்கே எது உள்ளே நுழையலாம், எது வாசலோடு திரும்பலாம் என்று முடிவு செய்வது அவள்தான். சின்னச் சின்னத் தோட்டக்காரர்கள் தாங்களே செய்த ஒயினைத் தாங்களே தூக்கிக்கொண்டு வந்து, அவள் முன்னால் ஊற்றி வைத்துவிட்டு, விடைத்தாள் திருத்தும் வாத்தியாரைப் பார்ப்பது போல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் வாயில் வைத்துச் சுழற்றி, கொஞ்சம் விழுங்கி, தெருவில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பாள். பிறகு தக்கையைத் திரும்பச் செருகி, "நாளைக்கு சொல்றேன்" என்பாள். மறுநாள் வந்தால் சில சமயம் "இன்னும் ஒரு நாள் போகட்டும்" என்பாள். கல்நெஞ்சுக்காரி என்று ஒருவர் கடை வாசலிலேயே நின்று புலம்பிவிட்டுப் போயிருக்கிறார்.

இதில் பிகு ஒன்றும் இல்லை. அவள் வாங்குவதெல்லாம் இயற்கை ஒயின். திராட்சையைப் பறித்து நசுக்கி, அதன் தோலில் தானாக இருக்கிற ஈஸ்ட்டை நம்பிப் புளிக்கவிட்டு, வடிகட்டாமல், கெடாமல் இருக்கப் போடுகிற கந்தகத்தையும் போடாமல் அடைப்பது. தொழிற்சாலை ஒயின் அரசாங்க முத்திரை மாதிரி, எங்கே எப்போது பார்த்தாலும் ஒரே முகம். இது அப்படியல்ல. திறந்தவுடன் குப்பென்று தொழுவ வாடை அடிக்கும், அரை மணி நேரத்தில் தெளிந்து அருமையாகிவிடும். இன்னொன்று திறந்தவுடன் ஊரையே தூக்கும், மறுநாள் ஈரத்துணி மாதிரி தொங்கிப்போகும். காற்று பட்ட பிறகுதான் அதன் உண்மையான குணம் வெளியே வரும். அதற்குத்தான் அந்த நாளைக்கு.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் பால் பண்ணையில் வேலை பார்த்தாள். வண்டியில் வந்து இறங்குகிற கேன்களின் மூடியைத் திறந்து, முகத்தைக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்து, 'எடு' அல்லது 'தள்ளு' என்று சொல்கிற வேலை. காலையில் பாலாக உள்ளே போனது மதியம் திரிந்து நிற்பதை அங்கே நிறையப் பார்த்திருக்கிறாள். முதல் முறை பார்க்கும்போது எல்லாம் நன்றாகத்தான் இருக்கும் என்கிற புத்தி அங்கே ஏறியது, பிறகு இறங்கவே இல்லை. கணவர் கல்யாணத்துக்குக் கேட்டபோதும் 'நாளைக்கு சொல்றேன்' என்றுதான் சொன்னாளாம். அவர் இன்றுவரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

ஒயினைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சிலருக்கு வாய் ஓயாது. அத்திப்பழம், பழைய தோல், மழை பெய்த காடு, புகையிலை என்று ஒரு சந்தையையே விரித்துவிடுவார்கள். அதைக் கேட்டால் நமக்குத் தாகம் எடுக்காது, தூக்கம்தான் வரும். நாளைக்காரியிடம் அந்தச் சரக்கெல்லாம் கிடையாது. "நிக்குது" என்பாள், துவர்ப்பும் புளிப்பும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கின்றன என்று அர்த்தம். "நடிக்குது" என்பாள், புது மரப் பீப்பாயில் ஊறப்போட்டு, இல்லாத அழகைப் பூசிக்கொண்டு வந்திருக்கிறது என்று அர்த்தம். "பாவம்" என்று சொல்லிவிட்டால் முடிந்தது, அந்த ஒயினை யாராலும் காப்பாற்ற முடியாது. கடைக்கு வாடிக்கையாக வருகிற தையல்காரர் ஒருவர், "உங்க வீட்டம்மா என்னை 'பாவம்'னு மட்டும் சொல்லாம பாத்துக்கோங்க" என்று அவள் கணவரிடம் வேண்டிக்கொள்வார்.

பாட்டிலோடு மட்டும் அவள் விடமாட்டாள். ஒயின் செய்கிற இடத்துக்கே ஒரு நடை போய்ப் பார்ப்பாள். அங்கே திராட்சைக்கொடியையும் மலையையும் பார்த்து வாயைப் பிளக்க மாட்டாள். முதலில் குனிந்து தரையிலிருக்கும் வடிகாலைப் பார்ப்பாள். கந்தகம் போடாதவனுக்குச் சுத்தம்தான் சாமி என்பது அவள் கட்சி. பிறகு பீப்பாயைத் தட்டி நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பாள். கிளம்பும்போது, போகிற போக்கில் கேட்பது போல, "இதுல எந்தப் பீப்பாயை வீட்டுக்குன்னு எடுத்து வெச்சிருக்கீங்க?" என்று கேட்பாள். கேட்டவுடன் அந்த மனிதர் கண் எந்தப் பக்கம் போகிறதோ, அந்தப் பீப்பாய்தான் அவளுக்கு வேண்டும். குதிரை கட்டி உழுகிறோம் என்று லேபிளில் குதிரைப் படம் போட்டுக்கொண்டு வந்த ஒருவரிடம், "குதிரை நல்லா இருக்கு, ஒயினுக்கு என்ன ஆச்சு?" என்றாள். அவர் அதற்குப் பிறகு அந்தத் தெருப்பக்கமே தலைகாட்டவில்லை.

விலையிலும் அவள் வழி தனி. லேபிளைப் பார்த்தால் மனம் சாயும் என்று, கணவரின் பழைய காலுறைகளைப் பாட்டில்களுக்கு மாட்டிவிட்டு, ஓய்வுநாள் சாப்பாட்டு மேசையில் நாலைந்தை வைத்துவிடுவாள். சுவை எப்படி என்று யாரையும் கேட்க மாட்டாள். பேச்சு சுவாரசியத்தில் எது தன்னால் காலியாகிறது என்று மட்டும் பார்ப்பாள். எல்லோரும் புகழ்ந்துவிட்டுப் பாதியில் வைத்த பாட்டில் எத்தனையோ உண்டு. ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லாமல், கை மட்டும் திரும்பத் திரும்பப் போய்க் காலியான பாட்டில்தான் கேட்ட விலைக்குத் தகுந்தது. ஒருமுறை ஒரு வயதான தோட்டக்காரர் அப்படிக் காலியான ஒயினுக்கு மிகக் குறைவாக விலை சொன்னார். நாளைக்காரி பேரம் பேசி அதை ஏற்றினாள். "இந்த விலைக்குக் குடுத்தா அடுத்த வருஷம் நீங்க இருக்க மாட்டீங்க, எனக்கு ஒயின் வேணும்" என்றாள். வாங்குகிறவள் விலையை ஏற்றிப் பேரம் பேசியதை அவர் எங்கேயும் பார்த்ததில்லை. இப்படிப்பட்ட ஒருத்தியை ஊர் கல்நெஞ்சுக்காரி என்கிறது, என்ன செய்ய.

அவளுக்கு ஒரே ஒரு நாத்தனார். கணவருக்குத் தங்கை, செல்லத் தங்கை. பல் வைத்தியர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்கள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள். அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவர், சாது, யார் மனமும் கோணக் கூடாது என்று நினைக்கிற ஜாதி. திடீரென்று ஒருநாள் இருவரும் இருந்த வீட்டை விற்று, மேலே ஏற முடியாமல் போன ஒரு பெரியவரிடமிருந்து வயதான திராட்சைக்கொடிகள் நிறைந்த ஒரு சரிவை வாங்கினார்கள். ஒயின் செய்யப் போகிறோம் என்றார்கள். சொந்தக்காரர்கள் எல்லோரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். அண்ணன் மட்டும் சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் குதித்தார். அண்ணியிடம் கேட்டபோது என்ன சொல்லியிருப்பாள் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதல் அறுவடை, முதல் சிவப்பு. அதைப் பாட்டிலில் அடைத்துச் சில வாரம் கழித்து நாத்தனார் இரண்டு பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். அவள் விரல் இடுக்கெல்லாம் சாயம். வரவேற்பு மேசையில் பளபளவென்று இருந்த நகங்களில் இரண்டு பிளந்திருந்தன. கடையின் பின்னறையில், கழுவு தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து, அண்ணி ஊற்றிக் குடிப்பதை மூச்சுவிடாமல் பார்த்தாள். அண்ணி குடித்தாள். கதவு வழியே தெருவில் போகிற பஸ்ஸைப் பார்த்தாள். பிறகு, பழக்கமே இல்லாமல், வாயிலிருந்து நழுவிவிட்டது.

"நல்லா இருக்கு."

அதில் பொய் ஒன்றும் இல்லை. உண்மையாகவே நன்றாக இருந்தது. அவசரம்தான் இருந்தது. அந்தப் பிளந்த நகங்களைப் பார்த்த பிறகு 'நாளைக்கு' என்ற வார்த்தை தொண்டையைத் தாண்டவில்லை, அவ்வளவுதான். நாத்தனார் ஸ்டூலிலிருந்து எழுந்து அண்ணியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

கணவர் அதற்குள் கடைக்கு வெளியே போய் நின்று, "நாளைக்காரியே இன்னைக்கு சொல்லிட்டா!" என்று தெருவுக்கே கேட்கும்படி கூவினார். வருகிற சனிக்கிழமை சாயங்காலம் கடையில் அறிமுகம், வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் அழைப்பு, பக்கத்துச் சாப்பாட்டுக்கடை முதலாளிக்கும் அழைப்பு. ஜன்னலில் 'எங்கள் வீட்டு ஒயின்' என்று பெரிதாக எழுதி ஒட்டியும் ஆயிற்று.

மறுநாள் காலை நாளைக்காரி, பழக்க தோஷத்தால், மீதியிருந்ததைக் கொஞ்சம் ஊற்றிக் குடித்தாள். வாசனை நேற்று மாதிரியே இருந்தது. வாயிலும் நேற்று மாதிரியே இருந்தது. விழுங்கிவிட்டு, கண்ணாடிக் கிளாஸைக் கழுவத் திரும்பியபோது, தொண்டையின் பின்பக்கத்திலிருந்து மெல்ல ஏறி வந்தது எலி.

இயற்கை ஒயின்காரர்களின் வயிற்றில் புளியைக் கரைக்கிற சமாச்சாரம் இது. எலிக்கூண்டை மாதக்கணக்கில் கழுவாமல் மூலையில் வைத்தால் என்ன வாடை வருமோ, அந்த வாடை. மூக்கு வைத்தால் தெரியாது. ஒயினின் புளிப்பு அதை அமுக்கி வைத்திருக்கும். வாய்க்குள் போய், எச்சில் கலந்து, புளிப்பு தணிந்த பிறகுதான் அது தலையை நீட்டும். பாட்டிலைத் திறந்தவுடன் இல்லாதது, காற்று பட்டு மறுநாள் வருவதும் உண்டு. இதில் பெரிய வேடிக்கை, எல்லோர் எச்சிலும் ஒரே வாகு இல்லை. சிலருக்கு எலி உடனே பிடிபடும், சிலருக்கு ஆயுசுக்கும் தெரியாது.

அவள் கணவர் இரண்டாவது ரகம். கிளாஸை வாங்கிக் குடித்துவிட்டு, "அமிர்தமா இருக்கு, உனக்கு என்ன ஆச்சு?" என்றார்.

"விழுங்கிட்டுக் கொஞ்சம் இருங்க."

அவர் இருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "இருந்துட்டேன். அமிர்தமாதான் இருக்கு."

அவள் இன்னொரு பாட்டிலைத் திறந்து, இந்த முறை ஒழுங்காக ஒரு நாள் விட்டு, மறுபடி குடித்தாள். மறுபடி எலி. பேசாமல் போய் ஜன்னலில் ஒட்டியிருந்ததைக் கிழித்தாள். கிழிகிற சத்தம் கேட்டு அவர் ஓடிவந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் குரல் அவ்வளவு உயர்ந்ததில்லை.

"யாருக்குத் தெரியப் போகுது? எனக்குத் தெரியல. என் தங்கச்சிக்குத் தெரியல. வர்றவங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாது!"

"மீதிப் பாதிக்குத் தெரியுமே. அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. மரியாதைக்குச் சிரிச்சுட்டு ஒரு பாட்டில் வாங்கிட்டுப் போவாங்க. அப்புறம் ஜென்மத்துக்கும் அந்தப் பேரை எடுக்க மாட்டாங்க. உங்க தங்கச்சி ஏன் விக்கலைன்னே தெரியாம, வருஷா வருஷம் அந்தச் சரிவுல ஏறி இறங்கிட்டு இருப்பா. அது பரவாயில்லையா உங்களுக்கு?"

அவருக்குக் கோபம்தான் வந்தது. "அவகிட்ட நீயே போய் சொல்லிக்கோ. அந்தப் பாவத்துல எனக்குப் பங்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, காலிப் பெட்டிகளை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு அடுக்கப் போய்விட்டார்.

நல்லா இருக்கு என்று சொன்ன வாயால் இல்லை என்று சொல்லப் போக வேண்டும். நாத்தனாரிடம் வேறு. அண்ணி ஒரு வார்த்தை குறையாகச் சொன்னால் அது குடும்பத்தில் எத்தனை வருஷம் ஓடும் என்று கல்யாணமான யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பேசாமல் இருந்திருந்தால் அவளுக்கு ஒரு நஷ்டமும் கிடையாது. பேசினால் ஒரே நாத்தனாரை இழக்கலாம். பஸ்ஸில் போகிறபோது, பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனாலும் போனாள். அதுதான் அவள்.

சரிவின் அடியில் இருந்த வீட்டின் சமையலறையில் நாத்தனார் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். மேசை, நாற்காலி, ஜன்னல் விளிம்பு எங்கும் பாட்டில். வீட்டுக்காரர் பசை தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அண்ணியைப் பார்த்ததும் இருவருக்கும் வாயெல்லாம் பல்.

"சனிக்கிழமை வேண்டாம்மா. ஒயின்ல எலி இருக்கு" என்றாள் அண்ணி. சுற்றி வளைக்கத் தெரியாதவள். உட்காரக்கூட இல்லை.

நாத்தனார் முகத்தில் ரத்தம் ஏறியது. "நீங்கதானே நல்லா இருக்குன்னீங்க?"

"சொன்னேன். அவசரப்பட்டுட்டேன். அன்னைக்கு அது வெளிய வரல."

"எனக்கு ஒரு எலியும் தெரியல அண்ணி. தினமும் குடிக்கிறேன். அண்ணனும் அமிர்தமா இருக்குன்னுதான் இப்ப போன்ல சொன்னாரு. ஊர்ல யாருக்கும் தெரியாதது உங்களுக்கு மட்டும் தெரியுதா? யார் யார் சரக்கையோ தலையில தூக்கி வெச்சுக் கொண்டாடுறீங்க, நாத்தனார் சரக்குன்னா மட்டும் குறையா?"

வார்த்தை பட்ட இடத்தில் வலிக்கத்தான் செய்தது. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள், "வீட்ல சமையல் சோடா இருக்கா?"

நாத்தனார் விறைத்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்காரர்தான் அலமாரியில் தேடி டப்பாவை எடுத்துக் கொடுத்தார். முந்தின நாள் திறந்து பாதி குடித்து வைத்த பாட்டில் ஒன்று மேசையிலேயே இருந்தது. அண்ணி அதிலிருந்து கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, ஒரு சிட்டிகை சோடாவைப் போட்டாள். நுரைத்தது. கண்ணெதிரே அந்தச் சிவப்பு ஊதாவாகி, பிறகு அழுக்குப் பச்சையாகி, துணி அலசின தண்ணீர் மாதிரி ஆனது.

"எச்சில் செய்யற வேலையைத்தான் இது செய்யுது. புளிப்பை எடுத்துடும். உன் எச்சிலுக்கு அது வராது, உங்க அண்ணனுக்கும் வராது, ஒரே வயித்துல பொறந்தவங்க. இப்ப மோந்து பாரு."

நாத்தனார் வேண்டாவெறுப்பாகக் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனாள். அப்படியே நின்றாள். மறுபடி முகர்ந்தாள். கிளாஸை மெதுவாக மேசையில் வைத்தாள், விழுந்து உடையுமோ என்பது போல. அந்தச் சமையலறை முழுக்க, லேபிள் ஒட்டியும் ஒட்டாமலும் நின்ற அத்தனை பாட்டிலும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"இதுவா?" என்றாள். "இதையா நான் எல்லாருக்கும் ஊத்திக் குடுக்க இருந்தேன்?"

அப்போதுதான் வீட்டுக்காரர் பசைக்கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எனக்குத் தெரியும்."

நாத்தனார் திரும்பினாள். "என்ன தெரியும்?"

"மறுநாள் மிச்சத்தை நான்தானே குடிச்சு முடிக்கிறேன். அடைச்ச கொஞ்ச நாள்லயே வந்துடுச்சு. அக்கா சொல்ற அதே வாடை."

"நான் தினமும் கேட்டேனேங்க. எப்படி இருக்கு, எப்படி இருக்குன்னு தினமும் கேட்டேனே. பிரமாதம்னீங்களே?"

"நீ கேக்கறப்ப உன் முகத்தைப் பார்த்தேன்." அவர் மென்று விழுங்கினார். "முகம் பிரமாதமா இருந்துச்சு."

வேறு சமயமாக இருந்தால் சிரித்திருக்கலாம். நாத்தனார் நாற்காலியிலிருந்த பாட்டில்களை நகர்த்தக்கூடத் தோன்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணி மேல் இருந்த கோபமெல்லாம் அப்படியே வேறு பக்கம் திரும்பி, அங்கே கோபமாகவும் நிற்க முடியாமல் அழுகையானது. வீடு விற்ற அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. அந்தக் குடும்பத்தில் பிறந்த அண்ணன் தங்கை இருவருக்கும் எலி தெரியாது. வெளியிலிருந்து வந்து சேர்ந்த இருவருக்கும் தெரியும். அந்த இருவரில் ஒருவர் அன்பினால் வாயை மூடிக்கொண்டார், இன்னொருத்தி அன்பினால் ஒரு நாள் முந்திக்கொண்டாள்.

நாளைக்காரியும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். புதிதாக ஒரு பாட்டிலைத் திறக்கச் சொல்லி, இந்த முறை நிதானமாகக் குடித்தாள்.

"கேளு. இதுல எலியைத் தள்ளிட்டுப் பார்த்தா, துவர்ப்பு நிக்குது. புளிப்பு உசிரோட இருக்கு. நல்ல சரிவு, நல்ல கை. இதை நான் உன் சந்தோஷத்துக்காகச் சொல்லல. லேபிளைக் கழட்டி வெச்சுட்டு விக்காம அப்படியே வை. ஒரு வருஷம், ஒண்ணரை வருஷம்."

"போயிடுமா?"

"சில ஒயின்ல போயிருக்கு. சிலதுல போகல. போகும்னு சொல்லிட்டேன்னா நான் மறுபடி அவசரப்பட்டவளாயிடுவேன்."

சனிக்கிழமை வாடிக்கையாளர்கள் வந்தார்கள். அழைத்தாயிற்று, வராமல் எப்படி இருப்பார்கள்? நாளைக்காரி வாசலிலேயே நின்று, "வீட்டு ஒயின் இன்னும் ஆகல, நான்தான் முந்திட்டேன், மன்னிச்சுக்கோங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். தையல்காரர், "நீங்களா? முந்திட்டீங்களா?" என்று நம்பாமல் திரும்பத் திரும்பக் கேட்டார். கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேறு பாட்டில்களைத் திறந்து ஊற்றினார். சோடா போட்ட கிளாஸை முகர்ந்து பார்த்த பிறகுதான் அவர் இறங்கி வந்தார். இறங்கியவர் ஒரேயடியாக இறங்கிவிட்டார். கடையிலிருந்த எல்லாப் பாட்டிலையும் திறந்து சோடா போட்டுப் பார்க்கக் கிளம்பியவரை இவள்தான் டப்பாவைப் பிடுங்கி ஒளித்து வைத்துக் காப்பாற்றினாள்.

அந்த ஒண்ணரை வருஷம் சரிவில் சுலபமாகப் போகவில்லை. வீட்டுக்காரர் மறுபடி பள்ளிக்கூடப் பஸ் ஓட்டப் போனார். நாத்தனார் தனியாகக் கொடி வெட்டினாள், அடுத்த அறுவடையையும் பறித்தாள். வீட்டில் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டார்கள், ஆனால் ஒயினைப் பற்றி அவள் அவரிடம் கேட்பதையே நிறுத்திவிட்டாள். அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. நாளைக்காரி அவ்வப்போது பஸ் பிடித்து வருவாள், ஒரு பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டு அங்கேயே தங்கி, மறுநாள் குடித்துப் பார்ப்பாள். "இருக்கு" என்பாள். அடுத்த முறையும் "இருக்கு". ஒவ்வொரு முறையும் அந்த வார்த்தையைக் கேட்க நாத்தனாருக்குப் பயம்தான். ஆனாலும் கதவைத் திறந்து வைத்துக் காத்திருப்பாள். அண்ணி வருகிற நாளில் வேறு யாரையும் கூப்பிட மாட்டாள்.

இரண்டாவது கோடையில், நாளைக்காரி விழுங்கிவிட்டு வெகுநேரம் நின்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு பாட்டிலைத் திறக்கச் சொல்லி மறுநாள் அதையும் குடித்தாள். "போயிடுச்சு" என்றாள். எல்லாவற்றிலும் போகவில்லை. ஒரு பீப்பாயிலிருந்து அடைத்தவை கடைசிவரை திருந்தவே இல்லை; அவற்றை வடிகாலில் ஊற்றிவிட்டார்கள். மீதிக்கு விலை வைக்கும்போது நாத்தனார் வெட்கப்பட்டுக்கொண்டு, "எலி இருந்த சரக்கு, கம்மியாவே போட்டுடலாம் அண்ணி" என்றாள். அண்ணி ஒப்புக்கொள்ளவில்லை. "நேத்து ராத்திரி மேசையில எது காலியாச்சுன்னு பார்த்தேன். உன்னுதுதான். அதுக்கு உண்டான விலையைப் போடு" என்றாள். அந்த ஒயின் இன்று அந்தக் கடையில் கேட்டால் கிடைப்பதில்லை, வந்தவுடன் போய்விடுகிறது.

ஆனால் அந்தக் குடும்பத்தில் பேசப்படுவது அந்த ஒயினைப் பற்றி அல்ல, அதற்கு அடுத்ததைப் பற்றி. இரண்டாவது அறுவடையின் சிவப்பை முதன்முதலாகத் திறந்த நாள் அது. முந்தின நாளே திறந்து வைத்தாயிற்று. மேசையைச் சுற்றி நால்வர். நாத்தனார் கிளாஸில் ஊற்றினாள். அண்ணிக்குத்தான் முதலில் நீட்டுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அண்ணியும் கையை நீட்டிவிட்டாள். ஆனால் கிளாஸ் அந்தக் கையைத் தாண்டி வீட்டுக்காரர் முன்னால் போய் நின்றது.

"நீங்க சொல்லுங்க" என்றாள். அவ்வளவு நாள் கேட்காததை அன்றுதான் கேட்டாள்.

அவர் குடித்தார். விழுங்கினார். காத்திருந்தார். அவளும் காத்திருந்தாள். இந்த முறை அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"எலி இல்ல" என்றார். அப்புறம் தைரியத்தை எங்கிருந்தோ இழுத்துப் பிடித்துக்கொண்டு, "ஆனா புளிப்பு ஒரு தூக்கல். பறிக்கிறதுக்கு இன்னும் கொஞ்ச நாள் விட்டிருக்கலாம்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயிலிருந்து அவளுக்கு வந்த முதல் 'ஆனா' அது. அண்ணன் பதறிப்போய், "மாப்பிள்ளை, என்ன இது!" என்றார். நாளைக்காரி தன் பங்கைக் குடித்துப் பார்த்தாள். புளிப்பு சரியாகத்தான் இருக்கிறது என்பது அவள் அபிப்பிராயம். அதை அவள் அன்று வெளியே விடவில்லை.

நாத்தனார் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. "அண்ணி, கேட்டீங்களா? குறை சொல்றாரு அண்ணி, எங்க வீட்டுக்காரர் குறை சொல்றாரு!" என்று ஏதோ நல்ல செய்தி வந்தது போலச் சொன்னாள். பிறகு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தாள்.

"அப்புறம்?" என்றாள். "இன்னும் சொல்லுங்க."